அவர் நல்லாத்தான் இருக்கார்

என் அக்கா பதினோரு வருடம் வண்ணத்துப்பூச்சிகளை எண்ணினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல், காலை ஒன்பதரைக்கு, நகரத்தின் பெரிய சாலைச் சந்திப்பில் தொடங்கி ரயில் பாதை வேலியை ஒட்டி அறுநூறு மீட்டர் நடப்பாள். நடை என்று சொல்ல முடியாது. தொலைந்துபோன கம்மல் திருகாணியைத் தேடுகிறவள் மாதிரி ஓர் ஊர்தல். கையில் ஓர் அட்டை, பென்சில். இந்தப் பக்கம் இரண்டரை மீட்டர், அந்தப் பக்கம் இரண்டரை மீட்டர், அதற்குள் பறப்பதை மட்டும்தான் எழுதுவாள். மூன்று மீட்டர் தள்ளித் தங்கமே பறந்தாலும் சேர்க்க மாட்டாள்.

யாரும் கேட்டு அவள் இதைச் செய்யவில்லை. கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுவது, சீட்டு ஒட்டுவது, மாணவர்கள் உடைத்ததைப் பெருக்குவது. அங்கே வந்த ஒரு விரிவுரையாளர் இந்த எண்ணிக்கையைத் தொடங்கிவிட்டு, ஐந்தே மாதத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அட்டைகள் மேசை மேல் கிடந்தன. அடுத்த ஞாயிறு அக்கா எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான்.

அத்தான் அதே சந்திப்பில் போக்குவரத்துக் காவலர். அவர்கள் சந்தித்ததும் அங்கேதான். ஏதோ ஒரு பூச்சியின் பின்னால் கண்ணை வைத்துக்கொண்டு அக்கா சிவப்பு விளக்கில் சாலையைக் கடந்திருக்கிறாள். அவர் விசில் ஊதி நிறுத்தித் திட்டப் போக, இவள் திட்டை வாங்கிக்கொண்டே அவர் தோள்பட்டையைப் பார்த்திருக்கிறாள். பூச்சி அங்கே உட்கார்ந்திருந்தது.

"டூட்டி நேரத்துல விசிலடிச்சுக் கல்யாணம் பண்ணின ஒரே போலீஸ்காரன் நான்தான்" என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

பூச்சிகளுக்கு அவர் வைத்த பெயர்கள் தனி. நேராகப் பறக்கத் தெரியாமல் வளைந்து வளைந்து போகும் வெள்ளைக்கு 'லைசென்ஸ் இல்லாதவன்'. காக்கி நிறத்தில் இரண்டு கோடுகளோடு அசையாமல் உட்கார்ந்திருப்பது 'இன்ஸ்பெக்டர்'. வேலியின் ஒரே பக்கமாக மட்டும் போகும் நீலச் சிறிசு 'ஒன்வே'. அக்கா அட்டையில் முதலில் அறிவியல் பெயரை எழுதுவாள். பக்கத்தில், பொடி எழுத்தில், இவர் வைத்த பெயரையும் எழுதுவாள். பணி முடிந்து வரும்போது சாலையில் அடிபட்டுக் கிடப்பதைத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்து தருவார். "உன் ஆளுங்கள்ல ஒருத்தன். ஹெல்மெட் போடல."

நான் அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தேன். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. என் கல்யாணம் முறிந்தபோது, புகுந்த வீட்டிலிருந்து என் சாமான்களை எடுக்க ஒரு வேனோடு வந்து நின்றவர் அத்தான். பீரோவைத் தனியாளாக முதுகில் சாய்த்து இறக்கினார். என்ன நடந்தது, யார் மேல் தப்பு என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நான் செய்தது புரியாது.

முதல் வருடம் அக்காவின் அட்டையில் நாற்பத்தேழு இனங்கள் இருந்தன. புறவழிச் சாலை மூடப்பட்டு லாரிகள் நகருக்குள் திரும்பிய வருடம் முப்பத்தொன்று. பதினோராம் வருடம் பதின்மூன்று. முதலில் போனது 'ஒன்வே'. அப்புறம் பெரிய கறுப்பு மஞ்சள். 'இன்ஸ்பெக்டர்' மூன்று வருடமாக வரவே இல்லை.

"மாற்றல் ஆகிப் போயிருப்பார்" என்றார் அத்தான். அக்கா சிரிக்கவில்லை.

அவளுக்கு அது லாரிப் புகைதான் என்று தோன்றிவிட்டது. ஆனால் தோன்றுவதை அவள் நம்புகிற ஆள் இல்லை. வேலியோரத்து எலுமிச்சைச் செடியில் ஒரே தாய் இட்ட முட்டைகளைச் சேகரித்து, வீட்டுச் சன்னலோரம் வலை கட்டிய இரண்டு பெட்டிகளில் இருபது இருபதாகப் புழு வளர்த்தாள். இரண்டு பெட்டிக்கும் சாலையோரத்து இலைதான். ஒன்றுக்குக் கழுவிப் போட்டாள், மற்றதற்கு அப்படியே போட்டாள். கழுவிய தண்ணீர் டீத்தூள் போட்ட மாதிரி கறுத்திருந்தது.

"புழுவுக்கு மூக்கு கிடையாது" என்று எனக்குக் காட்டினாள். "விலாவுல பாரு, வரிசையா ஓட்டை. ஒரு பக்கம் ஒன்பது, இன்னொரு பக்கம் ஒன்பது. அது வழியாத்தான் மூச்சு. இந்தக் கரி அதுக்குள்ள போய் அடைச்சா என்ன பண்ணும்?"

"எனக்கு ரெண்டே ஓட்டை. அதுக்குப் பதினெட்டு. பாவம், செலவு அதிகம்" என்றார் அத்தான், சாப்பாட்டுத் தட்டோடு.

கழுவிய இலை தின்ற இருபதில் பதினேழு பறந்தன. கழுவாததில் ஆறு. அந்த ஆறிலும் இரண்டுக்கு இறக்கை விரியவில்லை. நனைந்து காய்ந்த காகிதம் மாதிரி மடிந்தே இருந்தது. அக்கா அந்த இரண்டையும் பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து நான்கு நாள் காப்பாற்றினாள். புகை இலையில் படிவது மட்டுமில்லை, பூவின் வாசனையையே காற்றில் வைத்துச் சிதைத்துவிடுகிறதாம். "பூ பூத்துத்தான் இருக்கு. பத்தடி தள்ளிப் பறக்கிறதுக்கு அது தெரிய மாட்டேங்குது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் பார்க்க முடியாததாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சந்திப்பை அகலப்படுத்தும் திட்டம் வந்தது. எட்டு வழிச் சாலை, லாரிகளுக்குத் தனித் தடம், வேலியோரத்துப் புதர் முழுக்கக் காலி. பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் நடக்கும் என்று அறிவித்தார்கள். ஒன்பது வாரம் இருந்தது. அக்கா பதினோரு வருட அட்டைகளையும் தரையில் பரப்பிக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தாள்.

அதே வாரம் புதன்கிழமை அத்தான் என் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றார். சீருடையில். கையில் வெளிநோயாளி சீட்டு.

"இருமல். விட மாட்டேங்குது. ஒரு போட்டோ எடு. அழகா எடு."

சட்டையைக் கழற்றிப் பலகையில் மார்பை ஒட்டி நிற்கச் சொன்னேன். ஒரு நாளைக்கு எழுபது பேரிடம் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னேன். "மூச்சை நல்லா இழுத்து, அப்படியே பிடிங்க." அவரால் பிடிக்க முடியவில்லை. இரண்டு முறை படம் கலங்கிப் போயிற்று. மூன்றாவது முறை பிடித்தார். திரையில் வலது பக்கம் மேலே, காரை எலும்புக்குக் கீழே, ஒரு பட்டன் அளவுக்கு வெள்ளையாக இருந்தது.

படத்தைப் படித்துச் சொல்வது மருத்துவர் வேலை. நான் வாய் திறக்கக் கூடாது. திறக்கவும் இல்லை. ஆனால் பதினாறு வருடம் அந்தச் சந்திப்பில் நின்று வருகிறவன் போகிறவன் முகத்தைப் பார்த்தே யார் நிறுத்துவான், யார் ஓடுவான் என்று சொல்கிறவர் அவர்.

"உன் மூஞ்சி சரியில்லையே" என்றார்.

மருத்துவர் உடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். அத்தான் அந்தச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்ப என் அறைக்கு வந்தார்.

"அவகிட்ட சொல்லாதே."

"அத்தான், விளையாடாதீங்க."

"விளையாடல. அவ இப்போதான் எழுத ஆரம்பிச்சிருக்கா. இது தெரிஞ்சா எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு என் கட்டில் பக்கத்துல வந்து உட்கார்ந்துடுவா. பதினோரு வருஷம்மா. அந்தக் கூட்டம் முடியட்டும். மறுநாளே நானே வந்து படுத்துக்கிறேன்."

"ஒன்பது வாரம் இருக்கு அத்தான்."

"இத்தனை வருஷம் தாங்கின உடம்பு, ஒன்பது வாரம் தாங்காதா? நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. சரி என்றேன்.

அந்த ஒன்பது வாரமும் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க எத்தனையோ சாக்குச் சொன்னேன். போன நாட்களில் அக்கா உற்சாகமாக இருந்தாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. வரைபடம் போட்டிருந்தாள். காற்று அடிக்கும் திசையில் இருக்கும் புதரில் நான்கு இனம், எதிர்த் திசையில் இருப்பதில் பன்னிரண்டு. "இதைவிட என்ன சாட்சி வேணும் சொல்லு?" அத்தான் எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து, இருமல் வரும்போதெல்லாம் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டு வருவார். "புகையிலை போடாமலே இப்படி இருமுற ஆள் இவர்தான்" என்று அவள் என்னிடம் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

கூட்டம் நகராட்சி மாடியில் நடந்தது. சுமார் அறுபது பேர். அத்தான் பணியில் இருந்தார். அக்கா வெளிர்பச்சைப் புடவையில், கையில் தாள்களோடு எழுந்து நின்றாள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிதானமாகிவிட்டது. நாற்பத்தேழில் தொடங்கிப் பதின்மூன்றில் முடித்தாள். இறக்கை விரியாத இரண்டின் படத்தைக் காட்டினாள். திட்டப் பொறியாளர், வெயிலால் இருக்கலாமே, கொசு மருந்தால் இருக்கலாமே என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நான் பெருமையில் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன்.

அப்போது நகராட்சித் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மரியாதையாகவே கேட்டார்.

"அம்மா, நீங்க உழைச்சிருக்கீங்க, ஒத்துக்கிறேன். ஆனா பூச்சிக்கு ஆகாதது மனுஷனுக்கும் ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? அதே சந்திப்புல போலீஸ்காரங்க நாள் பூரா நிக்கிறாங்களே. அவங்க நல்லாத்தானே இருக்காங்க?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். தனக்குச் சாதகம் இல்லாததையும் எழுதிவைக்கிறவள்.

"உண்மைதான் சார்" என்றாள். "என் வீட்டுக்காரரே பதினாறு வருஷமா அங்கதான் நிக்கிறார். லேசா இருமல் இருக்கு, மத்தபடி அவர் நல்லாத்தான் இருக்கார். பெரிய உடம்பு தாங்கும். சின்னது முதல்ல போகுது. அதைத்தான் நான் சொல்ல வர்றேன்."

தலைவர் தலையசைத்தார். பக்கத்தில் இருந்த எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்க ஒரு நிமிடம் போதும். அந்தப் பட்டன் அளவு வெள்ளை என் கண் முன்னால் இருந்தது. அத்தானுக்குக் கொடுத்த வாக்கும் இருந்தது. நான் எழவில்லை.

திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. தீர்மானத்தில், சந்திப்பில் பணிபுரியும் காவலரின் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்று மனுதாரரே தெரிவித்ததாக ஒரு வரி இருந்தது.

அத்தான் சொன்னபடி கூட்டத்துக்கு மறுநாளே மருத்துவமனைக்கு வந்தார். ஸ்கேனில் அது முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. மருத்துவர் அக்காவையும் உட்காரவைத்துக்கொண்டுதான் பேசினார். நான் கதவோரம் நின்றேன்.

"எக்ஸ்ரே எடுத்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சே. ஏன் ஸ்கேனுக்கு வரல?"

"எந்த எக்ஸ்ரே?" என்றாள் அக்கா.

மருத்துவர் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். அக்கா வெள்ளையைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். அதற்குக் கீழே, எடுத்தவர் யார் என்ற இடத்தில், என் முதலெழுத்துகள் இருந்தன.

வெளியே நடைக்கூடத்தில் அவள் என்னிடம் கத்தவில்லை. மருந்து வாங்க நிற்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"நான் அங்க நின்னு, அவர் நல்லா இருக்கார்னு சொன்னேனே. அப்போ நீ உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தே இல்ல?"

"ஆமாக்கா."

"சரி" என்றாள். அதற்குப் பிறகு ஏழு மாதம் என்னிடம் 'மாத்திரை', 'தண்ணி', 'தூக்கு' என்ற மூன்று சொற்களைத் தவிர எதுவும் பேசவில்லை.

வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அத்தானைத் திருப்பிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். நான் தினமும் வேலை முடிந்து போனேன். ஒரு நாள் அவர் சமாதானம் பேசிப் பார்த்தார்.

"அவளை விடும்மா. நான்தானே வாயை அடைச்சேன்."

"உங்க வாய் உங்களோடது" என்றாள் அக்கா, தலையணை உறையை மாற்றிக்கொண்டே. "அவ வாய் என்கூடப் பொறந்தது."

அத்தான் என்னைப் பார்த்தார்.

ஞாயிறு வந்தால் அவர் அக்காவைப் பிடித்துத் தள்ளுவார். "போ. அட்டையை எடு. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்." அவள் போக மறுப்பாள். ஆறாவது மாதம், அவர் பேச்சு மூச்சுக்கு நடுவே இரண்டிரண்டு சொல்லாக வர ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிறு அட்டையை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் திரும்பிவந்தாள். செருப்பில் செம்மண். அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"யாரு... வந்தாங்க?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நிறைய. லைசென்ஸ் இல்லாதவன் ஆறு பேர். கேளுங்க, இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். மூணு வருஷத்துக்கு அப்புறம். நீங்க நிக்கிற போலீஸ் கூண்டுக்குப் பின்னாடி கம்பத்துல உட்கார்ந்திருந்தார்."

அவர் முகம் முழுக்க விரிந்தது. "மாற்றல்... ரத்தாயிடுச்சா."

"ஆமா. திரும்ப இங்கயே போட்டுட்டாங்க."

அன்று சாயங்காலம் சமையலறை மேசையில் அந்த அட்டை கிடந்தது. நான் பார்த்திருக்கக் கூடாது. தேதியும் நேரமும் எழுதி, கீழே ஒரே ஒரு வரி: 'புதர் அகற்றப்பட்டுவிட்டது. எண்ண இடம் இல்லை.' நிமிர்ந்தபோது அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். நான் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அட்டையை என் கையிலிருந்து வாங்கி மேல் அலமாரியில் வைத்தாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை பத்து மணி வாக்கில், அவள் அவருக்கு முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போது அத்தான் போய்விட்டார். அவருக்கு ஐம்பத்து மூன்று வயது.

அடுத்து அக்காவிடமிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது எட்டு மாதம் கழித்துத்தான். 'அந்தப் படம் வேணும். தேதியோட. நீயும் வரணும்.' திட்டத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனு போட்டிருந்தாள். அதே மாடி, அதே தலைவர். சாலை ஏறக்குறைய முடிந்திருந்தது. சன்னல் வழியாக லாரிச் சத்தம் கேட்டது. இந்த முறை கூட்டத்தில் பதினைந்து பேர்கூட இல்லை. அக்கா பூச்சிகளைப் பற்றிப் பேசவில்லை. "போன தடவை நான் இங்க ஒரு தப்பான தகவல் கொடுத்தேன். அதைத் திருத்தணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். படத்தை எடுத்தது நான்தான் என்றும், கூட்டத்துக்கு ஒன்பது வாரம் முந்தியே எடுத்தது என்றும் சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க இந்த அறையில இருந்தீங்களா?" என்றார் தலைவர்.

"இருந்தேன்."

"அப்போ ஏன் சொல்லல?"

"அவர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டார். ஆனா சொல்லியிருக்கணும். இங்க இல்லன்னாலும் அக்காகிட்டயாவது சொல்லியிருக்கணும்."

ஒரு மனிதருக்கு வந்த நோயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார் பொறியாளர். அது பொய்யும் இல்லை. தலைவர் படத்தை வாங்கித் தேதியைப் பார்த்தார். பழைய தீர்மானத்தில் இருந்த அந்த வரியை நீக்கச் சொன்னார். அந்தச் சந்திப்பில் எந்தக் காவலரும் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது, முகக்கவசம் கொடுக்க வேண்டும் என்று காவல்துறைக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதினார்களாம். சாலை அப்படியேதான் இருக்கிறது.

படியிறங்கும்போது அக்கா பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். மூச்சு வாங்குகிறதோ என்று பயந்து அருகில் போனேன். அழுதுகொண்டிருந்தாள். அத்தான் போன அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

"அந்த ஒன்பது வாரம் நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா?" என்றாள். "அவரும்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வரைபடத்துக்கு வண்ணம் அடிச்சுக் கொடுப்பார். அது எனக்கு நீ கொடுத்ததா, இல்ல என்கிட்ட இருந்து அவரை நீ பறிச்சதான்னு எனக்குப் புரியவே மாட்டேங்குது. எப்போ புரியுதோ அப்போ சொல்றேன். அதுவரைக்கும் என்கிட்ட மன்னிப்புக் கேட்காதே."

"கேட்கலக்கா" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம். கல்லூரியில் அவளுக்கு மேல்மாடி ஆய்வகத்துக்கு இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். படியேறினால் முட்டி வலிக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கும் போவதில்லை. நான் போனால் கதவைத் திறந்து உள்ளே விடுகிறாள். சேர்ந்து காய்கறி நறுக்குகிறோம், ஆளுக்கொரு கோப்பை தேநீர் குடிக்கிறோம், தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசுகிறோம். சொல்கிறேன் என்றதை அவள் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.